கிவிக்கு மட்டும் வரி

நேத்து பொழுதோட, இப்ப இருக்கற எடத்துக்குப் பக்கத்துல ஒரு பழக்கடைக்குப் போனேன். மாதுளை கிலோ என்னங்கன்னு கேட்டேன். கடைக்காரரு செல்போனை விட்டுக் கண்ணெடுக்காம ஒரு வெலையச் சொன்னாரு. எனக்கு முன்னால நின்ன அம்மாவுக்கும் அதே வெலை, பின்னால வந்த ஆளுக்கும் அதே வெலை. வாங்கிட்டு வண்டிய எடுக்கறப்ப மனசு என்னமோ மாதிரி ஆயிருச்சு. முன்னால இருந்த திருப்பூர் ராயபுரத்துல எனக்குன்னு தனியா ஒரு வெலை இருந்துச்சு. சும்மா வந்ததில்ல, சண்டை போட்டுச் சம்பாதிச்சது.

அந்த வெலையப் போட்டவரு எங்க கம்பெனிக்கு நேர் எதுத்தாப்புல பழக்கடை வெச்சிருந்தாரு. கம்பெனின்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. திருப்பூர்ல நாலு மெஷினைப் போட்டு வாசல்ல போர்டு மாட்டிட்டா அது கம்பெனி. நானும் என்ற ஊட்டுக்காரரும் பதினாறு மெஷின் போட்டிருந்தோம். எக்ஸ்போர்ட்காரங்க வெட்டி அனுப்பற துணிய டீ-சர்ட்டாத் தெச்சுக் குடுக்கறதுதான் வேலை. அந்தக் கம்பெனி எங்க கையை விட்டுப் போயிரும்ங்கற மாதிரி ஒரு காலம் வந்துச்சு. அப்ப எங்களைத் தாங்கிப் புடிச்சது பேங்க்காரரும் இல்ல, சொந்தக்கார ஒறம்பரைங்களும் இல்ல. இந்த மனுசன் கிவிப் பழத்துக்குப் போட்ட வரிதான். சொன்னாச் சிரிப்பீங்க. பரவால்ல, சிரிங்க.

ஆளு எப்பவும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைலதான் இருப்பாரு. தோள்ல துண்டு இருக்க வேண்டிய எடத்துல வெள்ளை பனியன் வேஸ்ட்டுத் துணி கெடக்கும். பேசிட்டே அதுல ஆப்பிளைத் தொடைப்பாரு. தொடைச்சு வெச்சதையே எடுத்து மறுபடி தொடைப்பாரு. அவரு கொரலு ஒசந்து நான் கேட்டதே இல்ல. யாரையும் திட்ட மாட்டாரு, மொறைக்கக்கூட மாட்டாரு. யாராச்சும் அவருக்கு ஒரு எடஞ்சல் பண்ணினாங்கன்னு வைங்க. மக்யா நாளு அவங்க பழம் வாங்க வர்றப்ப, நல்லதாப் பொறுக்கி எடை போட்டு, பையக் கையில குடுத்துட்டு, தலையக் கொஞ்சம் சாச்சுக்கிட்டுச் சொல்லுவாரு.

"தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு மட்டும் வெலைல கொஞ்சம் சேத்திப் போட்டிருக்கேனுங்க."

ஏன்னு கேட்டாக் காரணத்தையும் அதே மரியாதையோட சொல்லுவாரு. நீங்க அதை நிறுத்துனீங்கன்னா நானும் இதை எடுத்தர்றேனுங்கம்பாரு. நிறுத்திட்டா அந்த நிமிசமே எடுத்துருவாரு. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு. பழமும் நல்ல பழமா, ஜனங்க முணுமுணுத்துக்கிட்டே அவருகிட்டயேதான் வாங்குனாங்க.

மாம்பழத்தை எல்லாம் ஒண்ணுவிடாம அமுக்கிப் பாத்துட்டு வாழைப்பழம் வாங்கிட்டுப் போற ரிட்டயர்டு வாத்தியாருக்கு வாழைப்பழத்துல வரி. கோழி றெக்கைய இவரு கடைப்பக்கமாக் கூட்டித் தள்ளற கறிக்கடைக்காரருக்குத் திராட்சைல வரி. ஏனுங்க திராட்சைலன்னு ஒருக்கா கேட்டேன். "அவரு ஊட்டுல நாலு புள்ளைங்க, நாலும் திராட்சைக்கு உசுரை உடுங்க"ன்னாரு. யாரு ஊட்டுல எந்தப் பழம் போகுதுங்கறது அவருக்கு அத்துப்படி. எங்க போட்டா வலிக்குமோ அங்க பாத்துத்தான் போடுவாரு. அதையும் பழத்தைத் தொடைச்சுக்கிட்டே பண்ணுவாரு.

சொந்தப் பொண்டாட்டியக்கூட விடலை. அந்தம்மா இவரோட நல்ல சட்டை ரெண்டை எவர்சில்வர் பாத்திரக்காரிக்குப் போட்டு ஒரு டிபன் கேரியர் வாங்கிருச்சு. அன்னைக்குக் கடைல மிஞ்சுன வாழைப்பழத்தை ஊட்டுக்குக் கொண்டுபோனவரு, ஒரு சீப்புக்கு இவ்வளவு ஆகுதுன்னு அந்தம்மாகிட்டயே காசு கேட்டிருக்காரு. அந்தம்மா சளைச்சவங்களா? மக்யா நாளு காலைல காப்பி டம்ளரை நங்குன்னு வெச்சு, இதுக்கு இவ்வளவுன்னு கையை நீட்டிருச்சாம். ஒரு வாரம் மனுசன் பேக்கரில காப்பி குடிச்சாரு. அப்புறம் உக்காந்து பேசி, அந்தம்மா காப்பிக்கு எடுக்க, இவரு வாழைப்பழத்துக்கு எடுத்தாராம். "ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல எடுத்தோமுங்க"ன்னு எங்கிட்டப் பெருமையாச் சொன்னாரு. அந்த ஒரே சமயத்துலங்கறதுதான் அவருக்கு முக்கியம். எதுத்தாப்புல இருக்கறவங்க ஒண்ணை விடாம இவரு ஒண்ணை விட்டதா சரித்திரமே இல்ல.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்துச்சுன்னு என்ற ஊட்டுக்காரரு ஒருநா கேட்டாரு. முன்னாடியெல்லாம் இவரும் மத்தவங்களைப் போல வாய்ச்சண்டை போடற ஆளுதானாம். ஒருக்கா மண்டிக்குப் போனப்ப வாஷிங்டன் ஆப்பிள் பெட்டி வெலை எக்கச்சக்கமா ஏறிக் கெடந்துதாம். மண்டிக்காரரு சொல்லியிருக்காரு, அமெரிக்காக்காரன் நம்ம இரும்புக்கு வரி போட்டுட்டான், பதிலுக்கு நம்ம கவருமெண்டு அவன் ஆப்பிளுக்குச் சேத்தி வரி போட்டிருச்சுன்னு. இரும்புக்கும் ஆப்பிளுக்கும் என்னங்க சம்பந்தம்னு இவரு கேட்டிருக்காரு. ஒரு சம்பந்தமும் இல்ல, அவன் ஊருல ஆப்பிள் வெளைய வெக்கறவன் போய் அவன் கவருமெண்டைப் புடிச்சு உலுக்குவான்ல, அதுக்குத்தான்னாராம் மண்டிக்காரரு.

"டெம்போல பெட்டிக்கு நடுவுல உக்காந்து வர்றப்ப பூராம் அதே நெனப்புங்க. கை நீட்டலை, கெட்ட வார்த்தை பேசலை, போலீஸ் டேசனுக்குப் போகலை. எவ்வளவு பெரிய கவருமெண்டுக, ஒரு ஆப்பிளை வெச்சுச் சண்டை போடுதுக. நம்மகிட்டத்தான் கடை நெறையப் பழம் இருக்குதே, நாம எதுக்குத் தொண்டையக் கெடுத்துக்கறதுன்னு பட்டுச்சுங்க."

மக்யா நாள்ல இருந்து எங்க வீதில வரி அமுலுக்கு வந்துருச்சு.

எங்க சண்டை வேன்ல ஆரம்பிச்சுது. வெட்டுன துணி பண்டல் பண்டலா வேன்ல வரும். தெச்ச பீஸ் அதே வேன்ல போகும். வீதியோ குறுகல். வேன் நின்னா எதுத்த பழக்கடை சுத்தமா மறைஞ்சு போகும். அதுவும் வேன் வர்றது பொழுதோட ஆறு மணிக்கு. ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான் அவருக்கு ஏவாரமே. கம்பெனி விட்டு வர்ற சனம் அப்பத்தான் பழம் வாங்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்குன கையோட வர்றப்ப ஒரு ஆப்பிள், ரெண்டு ஆரஞ்சுன்னு கை தாராளமாவும் இருக்கும். அந்த ரெண்டு மணி நேரத்துல ஒரு மணி நேரம் எங்க வேன் மறைச்சுட்டு நின்னா மனுசனுக்கு எப்படி இருக்கும்?

வேனைக் கொஞ்சம் அக்கட்டால நிறுத்தச் சொல்லுங்கன்னு ரெண்டு வாட்டி வந்து கேட்டாரு. பாக்கறோங்கன்னோம். திருப்பூர்ல பாக்கறோம்னா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியாதா? மூணாவது வாட்டி வரலை. அடுத்து நான் மாதுளை வாங்கப் போனப்ப, தலையச் சாச்சுட்டாரு. மாதுளைல இருந்து கிவி வரைக்கும் எல்லாப் பழத்துக்கும் எங்களுக்கு வரி.

எனக்கு வந்துதே ஆத்தரம். "ஏனுங்கண்ணா, தெனமும் மூஞ்சியப் பாக்கறவங்க நாங்க. எங்களுக்கே தனி வெலையா?"

"உங்களுக்கு இல்லீங்க அம்மிணி, வேனுக்குங்க. வேன் பழம் திங்கறதில்லீங்களே, அதுனால உங்க பேருல போட்டிருக்கேன்."

நான் மட்டும் சும்மா இருப்பனா? அவரு தோள்ல கெடக்கற வெள்ளை வேஸ்ட்டு எங்க கட்டிங் டேபிள்ல இருந்து போறதுதான். வாரம் ஒரு பை சும்மாக் குடுத்துட்டு இருந்தோம். வெள்ளையை நிறுத்திட்டேன். கேட்டு ஆள் வந்தப்ப, சாயம் சரியாப் புடிக்காம ஒதுக்கி வெச்ச சிவப்புத் துணில ஒரு பை குடுத்து விட்டேன். மனுசன் அதுல கொய்யாக்காயத் தொடைச்சிருக்காரு. கூடைல கொய்யாக்கா பூராம் ரோஸ் கலர்ல உக்காந்திருந்துச்சு. இது என்னங்க புது ரகமான்னு ஒருத்தர் கேட்க, பொய் சொல்லத் தெரியாத மனுசன், "இல்லீங்க, எதுத்த கம்பெனிச் சாயமுங்க"ன்னாரு. அன்னைக்குக் கொய்யாக்கா ஒண்ணு போகலை. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

அவரு பதிலுக்கு என்ற டெய்லர்களுக்கு எல்லாம் வாழைப்பழத்துல போட்டாரு. எங்ககிட்ட ஓவர்லாக் மெஷின் ஓட்டிட்டிருந்த தூத்துக்குடிப் பக்கத்துப் புள்ளை ஒண்ணு, வாயாடி, நேரா என்கிட்ட வந்து நின்னுச்சு. "யக்கா, சண்ட ஒங்களுக்கும் அவருக்கும். ஒரு வாழப்பழத்துக்கு நாங்க எதுக்கு ரெண்டு ரூவா கூடக் குடுக்கணும்? அவருட்ட கேட்டா ஒங்க மொதலாளியம்மாட்ட கேளுன்னு சிரிக்காரு."

விடுவனா? தள்ளுவண்டிப் பழக்காரர் ஒருத்தரைக் கூட்டியாந்து கம்பெனி வாசல்லயே நிறுத்தினேன். ஆறு மணிக்கு வேன் வந்துச்சு. வாசல்ல தள்ளுவண்டி நிக்குது. பண்டல் எறக்க வழியில்ல. டிரைவர் என்னோட சண்டைக்கு வந்துட்டாரு. அந்தத் தள்ளுவண்டிப் பப்பாளியத் தின்னுட்டு ஆறு டெய்லருக்கு வயிறு சரியில்லாமப் போயி, மக்யா நாளு ஆறு மெஷின் சும்மா நின்னுச்சு. என்ற ஊட்டுக்காரரு வந்தாரு. நின்ன மெஷினை மட்டும் ஒண்ணொண்ணாப் பாத்துட்டுப் போனாரு. அதுக்குத் திட்டியிருக்கலாம்.

அந்தச் சமயத்துல டிவில சொன்னாங்க, ரெண்டு நாடும் பேசித் தீத்துட்டாங்க, ஆப்பிளுக்குப் போட்ட சேத்தி வரிய நம்ம கவருமெண்டு எடுத்திருச்சுன்னு. அன்னைக்குப் பழக்காரரு மொத மொதலா எங்க கம்பெனிப் படியேறி வந்தாரு. கையில ஒரு வாஷிங்டன் ஆப்பிள், பளபளன்னு தொடைச்சது.

"அவங்களே பேசிட்டாங்களாம் அம்மிணி. நாமளும் பேசிக்கலாமுங்களா?"

முனை பேக்கரில உக்காந்து பேசுனோம். நாங்க ரெண்டு பேரு, அவரு ஒருத்தரு, நடுவுல பேக்கரிக்காரரு. வெஜிடபிள் பப்ஸ் வந்துச்சு, டீ வந்துச்சு, மறுபடி டீ வந்துச்சு. வேன் இனி நாலு மணிக்கு வரும், இல்லாட்டி எட்டுக்கு மேல வரும்னு நாங்க ஒத்துக்கிட்டோம். வெள்ளை வேஸ்ட்டு பழையபடி வாரம் ஒரு பை. அவரு மாதுளைய எடுத்தாரு, ஆரஞ்சை எடுத்தாரு, டெய்லருங்க வாழைப்பழத்தை எடுத்தாரு. எல்லாம் முடிஞ்சு எந்திரிக்கறப்ப, "கிவிக்கு மட்டும் இருக்கட்டுமுங்க"ன்னாரு.

"அதென்னங்க கிவிக்கு மட்டும்?"ன்னேன்.

"எல்லாத்தையும் எடுத்துப்போட்டா, நாளைக்கு நீங்க மறுபடி ஆறு மணிக்கு வேனை நிறுத்துனீங்கன்னா நான் எதை வெச்சுங்க பேசறது? ஒண்ணு கையில இருக்கணுமுங்க. அதுவும் உங்க ஊட்டுல யாரும் கிவி திங்கறதில்லையே."

நெசந்தான். எங்க ஊட்டுல யாரும் அதைத் தொட்டதில்ல. சரி, போட்டுட்டுப் போறாரு போங்கன்னு விட்டுட்டோம். அன்னைக்கு ராத்திரி சோறு போடறப்ப இதை என்ற மாமியார்கிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அதுதான் நான் பண்ணின கூத்து. அத்தைக்கு அதுவரைக்கும் கிவின்னா ரோமம் மொளச்ச சப்போட்டா. கண்ணெடுத்தும் பாக்க மாட்டாங்க. ஊருல எல்லாருக்கும் ஒரு வெலை, நமக்கு மட்டும் ஒரு வெலைன்னதும் கையில எடுத்த உருண்டைய அப்படியே வெச்சுட்டாங்க.

"நமக்கு மட்டும் வரி போடற அளவுக்கு அதுல என்னதான் இருக்குது கண்ணு? நாளைக்கு ரெண்டு வாங்கிட்டு வா, பாக்கலாம்."

வாங்கிட்டு வந்தேன். பாத்தாங்க, தின்னாங்க. அன்னைல இருந்து வாரம் ரெண்டு கிவி இல்லாட்டி அத்தைக்குப் பொழுது விடியாது. ஒரு பழத்துக்கு அஞ்சு ரூவா சேத்திக் குடுத்து வாங்கறப்பெல்லாம் அவரு, "அத்தை நல்லா இருக்காங்களா"ன்னு கேப்பாரு. இப்படி ஆகும்னு தெரிஞ்சேதான் போட்டாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம் இருக்குது.

இப்படியே நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்புறம் அமெரிக்காக்காரன் நம்ம பனியனுக்கே வரிய ஏத்திட்டான். நம்மூர்ல இருந்து போற சாமானம் எதையும் விடலை. எங்களுக்குத் துணி அனுப்பிட்டு இருந்தவங்க அமெரிக்காவுக்கு மட்டும் பண்றவங்க. மொதல்ல இந்த லாட்டோட கொஞ்சம் நிறுத்தி வைங்கன்னாங்க. அப்புறம் போன் பண்றோம்னாங்க. அப்புறம் போனே இல்ல. டெய்லருங்க வந்து வந்து பாத்துட்டு, ஒருத்தரொருத்தரா வேற கம்பெனிக்குப் போனாங்க, ஊருக்குப் போனாங்க. அந்தத் தூத்துக்குடிப் புள்ளை மட்டும், "துணி வந்தா ஒரு போன் போடுங்கக்கா, மறுநா இங்க நிப்பேன்"னு சொல்லிட்டுப் போச்சு. என்ற ஊட்டுக்காரரு தெனமும் காலைல வந்து ஓடாத மெஷினுக்கு எண்ணெய் போட்டுட்டு உக்காந்திருப்பாரு. ஒருநா சொன்னாரு, இந்த மாசம் பாக்கலாம், ஒண்ணும் ஆகாட்டி மெஷினை வித்துட்டு நான் எங்கயாச்சும் சூப்பர்வைசரா போறேன்னு. கல்யாணமான புதுசுல என்ற நகைய வெச்சு வாங்கின மொத மெஷின் அதுல ஒண்ணு.

எதுத்தாப்புல பழக்காரரு என்ன பண்ணினாருன்னு கேளுங்க. வாஷிங்டன் ஆப்பிளை எல்லாம் எடுத்து மேல் தட்டுல அடுக்குனாரு. யாரு கேட்டாலும் விக்கறதில்லைங்கன்னுட்டாரு.

"ஏனுங்கண்ணா, நீங்க ஆப்பிள் விக்காதது அமெரிக்காவுல யாருக்குத் தெரியப் போகுது?"ன்னேன்.

"தெரியாதுங்க."

"அப்புறம்?"

"நம்ம பனியனுக்கு அவங்க போட்டாங்க. நான் பாத்துட்டு சும்மா இருந்தேன்னு இருக்கக் கூடாதில்லீங்க."

ஆப்பிள் சுருங்கிப் போச்சு. ஆட்டுக்காரர் ஒருத்தருக்கு அள்ளிக் குடுத்தாரு. சரி, புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன். அடுத்த வாரம் மண்டில இருந்து இன்னொரு பெட்டி வாஷிங்டன் வந்து அதே மேல் தட்டுல ஏறுச்சு.

"அட, விக்கறதில்லைன்னுட்டு எதுக்குங்க மறுபடி வாங்கறீங்க?"

"விக்காம இருக்கறதுக்கும் சரக்கு வேணுமில்லீங்களா அம்மிணி."

அவ்வளவு வெசனத்துலயும் வீதில நின்னு சிரிச்சேன். ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

ஆனா அவரு சிரிக்கலை. அவருக்கும் அடி விழுந்திருந்துச்சு. எந்த ஆறு மணிக்காக எங்களோட மல்லுக்கட்டுனாரோ, அந்த ஆறு மணிக்கு இப்ப வேனே வர்றதில்ல. கடை நல்லாத் தெரியுது. பாக்கத்தான் ஆளில்ல. எங்க வீதில எங்களை மாதிரி இன்னும் ரெண்டு மூணு கம்பெனி சாத்திக் கெடந்துச்சு. சனிக்கிழமைல கஞ்சிச் சட்டையோட நின்னு, வேன் நிக்கற எடத்தையே பாத்துட்டு இருப்பாரு. ஒருநா என்னைக் கூப்புட்டு, "வேன் டிரைவரு சௌரியமா இருக்காருங்களா?"ன்னு விசாரிச்சாரு. அந்த டிரைவருக்குச் சாத்துக்குடில வரி போட்டவரு.

அந்த வாரம் மெஷின் புரோக்கர் வந்தாரு. ஒவ்வொரு மெஷினா ஓட்டிப் பாத்து, செல்போன்ல படம் புடிச்சுட்டு, ரெண்டு நாள்ல சொல்றேன்னு போனாரு. எல்லாம் கண்ணாடிக் கதவு வழியா எதுத்த கடைக்குத் தெரிஞ்சிருக்கும்.

அன்னைக்குப் பொழுதோட நான் கிவி வாங்கப் போனேன். அத்தைக்கும் நெலமை தெரியும். "ரெண்டு வேண்டாங்கண்ணு, ஒண்ணு போதும்"ன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. வேண்டவே வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு மனசு வரலை. ஒரு கிவிய எடுத்து, எப்பவும் குடுக்கற மாதிரி சேத்திக் காசைக் குடுத்தேன். அவரு அஞ்சு ரூவாத் துட்டை எடுத்து என்ற கையில திருப்பி வெச்சாரு.

"வரிய எடுத்துட்டேனுங்க அம்மிணி."

"ஏன்? நாங்க என்ன விட்டுக் குடுத்தோம்?"

"ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்க."

"அப்ப சும்மாவே எடுத்துட்டீங்களா?"

"சும்மாத்தானுங்க." என்ற மூஞ்சியப் பாக்காம ஆப்பிளைத் தொடைச்சாரு.

ஒறம்பரைங்க வந்து உச்சுக் கொட்டுனதை எல்லாம் தாங்கிக்கிட்டேன். புரோக்கர் என்ற மெஷினைத் தட்டித் தட்டிப் பாத்ததையும் தாங்கிக்கிட்டேன். இதைத் தாங்க முடியலை. பொண்டாட்டி காப்பிக்கு எடுக்கற வரைக்கும் அவங்களுக்கே வாழைப்பழத்துல வரிய எடுக்காத மனுசன். அவரு எனக்குச் சும்மா எடுக்கறாருன்னா என்ன அர்த்தம்? இனி அந்த வேன் வராதுன்னு அவரு முடிவு பண்ணிட்டாரு. சண்டை போடக்கூட நாங்க இருக்க மாட்டோம்னு நெனச்சுட்டாரு.

"ஏனுங்கண்ணா, நாங்க கம்பெனியச் சாத்திட்டுப் போயிருவோம்னு நீங்களே எழுதி வெச்சுட்டீங்களா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க அம்மிணி..."

"அப்புறம் என்ன? நாளைக்கு ஆறு மணிக்கு வேன் வந்து நின்னா எதை வெச்சுப் பேசுவீங்க? நீங்கதான சொன்னீங்க, ஒண்ணு கையில இருக்கணும்னு. வரிய வைங்க. மரியாதையா வைங்க."

வீதில போறவங்க நின்னு பாத்தாங்க. ஒரு பொம்பளை வெலைய ஏத்தச் சொல்லிக் கத்தறதை அவங்க எங்க பாத்திருப்பாங்க? அஞ்சு ரூவாயக் கல்லா மேல வெச்சு அவரு பக்கமாத் தள்ளினேன். அவரு ஆப்பிளைக் கீழ வெச்சாரு. தோள்ல கெடந்த வேஸ்ட்டுல கையை நல்லாத் தொடைச்சுக்கிட்டு, அந்தத் துட்டை எடுத்துக் கல்லாவுக்குள்ள போட்டாரு.

"சரிங்க அம்மிணி. கிவிக்கு வரி இருக்குதுங்க"ன்னாரு.

ஊட்டுக்கு வந்து அத்தைக்குக் கிவிய நறுக்கிக் குடுத்துட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். நல்லா அழுதேன். வெளிய வந்து ஊட்டுக்காரர்கிட்ட, புரோக்கருக்குப் போனைப் போட்டு வேண்டாம்னு சொல்லுங்கன்னேன். எதை நம்பின்னு கேட்டாரு. எதுத்த கடைல நமக்கு இன்னும் வரி இருக்குதுன்னேன். மனுசன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனை எடுத்தாரு.

மக்யா நாள்ல இருந்து ரெண்டு பேரும் சாம்பிள் பீஸைப் பையில போட்டுக்கிட்டு உள்ளூர் ஏவாரிங்க கடை கடையா ஏறி எறங்கினோம். எக்ஸ்போர்ட் பண்ணினவங்களுக்கு இந்த வெலை கட்டாதுங்கன்னு சிரிச்சாங்க. கட்டும்னோம். வரி எறங்கப் போகுது, எறங்கலைன்னு டிவில தெனம் ஒண்ணு சொல்லிட்டு இருந்தாங்க, நாங்க அதைப் பாக்கறதையே விட்டுட்டோம். கடைசில கொழந்தைங்க பனியன் மொத்த ஏவாரம் பண்றவரு ஒருத்தரு, மொதல்ல கொஞ்சம் தெச்சுக் காட்டுங்க, பாக்கலாம்னாரு. அந்தப் பாக்கலாம் நல்ல பாக்கலாமா இருந்துச்சு. இன்னைக்கு எடம் பத்தாம ராயபுரத்தை விட்டு இந்தப் பெரிய எடத்துக்கு வந்திருக்கோம்னா அவரு குடுத்த ஆர்டர்தான். தூத்துக்குடிப் புள்ளைக்குப் போன் போட்டேன். சொன்ன மாதிரி மறுநா வந்து நின்னுச்சு.

மொத லாட் துணி ஒரு சனிக்கிழமை வந்துச்சு. ஏவாரியோட வேன், எங்க ஒப்பந்தம் அந்த டிரைவருக்கு எங்க தெரியும்? சரியா ஆறு மணிக்கு வந்து, பழக்கடைய முழுசா மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. பண்டல் எறக்கற சத்தத்துல எனக்கு வேற ஒண்ணும் கேக்கலை. ஒரு மணி நேரம் கழிச்சு வேன் போனப்பத்தான் எதுத்தாப்புல பாத்தேன். கஞ்சிச் சட்டையும் தோள்ல வேஸ்ட்டுமா கடை வாசல்ல நின்னுட்டு இருந்தாரு.

ஓடிப்போய் நின்னேன். என்ன சொல்றதுன்னு தெரியாம மாதுளை ஒரு கிலோ போடுங்கண்ணான்னேன். நல்லதாப் பொறுக்கினாரு. எடை போட்டாரு. பையக் கையில குடுத்துட்டுத் தலையச் சாச்சாரு. கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சு, கொரலு மட்டும் எப்பவும் போலத்தான் இருந்துச்சு.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. கிவியோட மாதுளைக்கும் சேத்திப் போட்டிருக்கேனுங்க."

"எவ்வளவு வேணாலும் சேத்திக்கோங்கண்ணா"ன்னேன்.

"அப்படியெல்லாம் சேத்தக் கூடாதுங்க. வேன் ஒரு மணி நேரந்தான நின்னுச்சு"ன்னாரு.